காவிரியில் மீன் கிடைக்கவில்லையா? நீர்நாயைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஒகேனக்கல் பக்கமும், மேட்டூருக்குக் கீழே பவானி, ஈரோடு, கரூர் வரைக்கும் தூண்டில் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார் ஒன்றுதான்: "ஆத்துல மீனே இல்லைங்க, எல்லாத்தையும் நீர்நாய் தின்னுருச்சு." நீர்நாய் இல்லாத இடத்தில் நீர்க்காகம். அதுவும் இல்லாவிட்டால் முதலை. பகலில் கண்ணெதிரே மீனைக் கவ்விக்கொண்டு போகிற மிருகத்தின் மேல் கோபம் வருவது இயல்புதான். ஆனால் புகார் வந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்தால், மீன் குறைந்ததற்கான காரணம் பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது, அல்லது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் இடத்துக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், கையை மீறுகிற காரணம் கடைசியில் வரும்.

எதற்கும் முன்னால் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, இடம், தண்ணீர் மட்டம், என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர். இது இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "மீன் குறைஞ்சு போச்சு" என்பது வெறும் பேச்சாகவே நிற்கும்.

அறிகுறி 1: நீர்நாய்க் கூட்டம் வந்தது, அதோடு மீன் கொத்துவது நின்றுவிட்டது

*அன்றைக்கு மட்டும் நின்றதா?*

அப்படியென்றால் மீன் எங்கேயும் போகவில்லை. மடுவுக்குள்ளும் பாறை இடுக்குக்குள்ளும் பதுங்கியிருக்கிறது. கூட்டம் போன திசைக்கு எதிர்ப்பக்கம் இடம் மாற்றுங்கள், அல்லது உட்கார்ந்து காத்திருங்கள். நீர்நாய் ஒரே இடத்தில் நாள் முழுக்க வேட்டையாடாது, கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

*வாரக்கணக்கில் கொத்தவில்லையா?*

முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். மின்சாரத்துக்காகத் தேக்கி விடுவதால் ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும். மட்டம் சட்டென்று இறங்கினால் கரையோர மீன் ஆழத்துக்குப் போய்விடும். கரையில் ஒரு குச்சியை நட்டு, கோடு போட்டு, ஒரு வாரம் பாருங்கள். மட்டம் நிலையாக நிற்கும் நேரத்தில் மீன் கொத்துகிறதென்றால் நீர்நாயை விட்டுவிடலாம்.

மட்டத்தில் குறையில்லை என்றால் நீர்நாயின் எச்சத்தைப் பாருங்கள். அருவருப்பு வேண்டாம், இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே பாறையில், ஒரே மணல்திட்டில்தான் கூட்டம் திரும்பத் திரும்ப எச்சம் போடும். காய்ந்ததை ஒரு குச்சியால் கலைத்தால் செதிலும் முள்ளும் பிரிந்து கிடக்கும். ஜிலேபி மீன் (திலாப்பியா) மலிந்த இடங்களில் நான் பார்த்த எச்சங்களில் ஜிலேபிச் செதில்தான் அதிகம். நண்டு ஓடும் இருக்கும். நீங்கள் தேடுவது கெண்டையும் கெளுத்தியும் வாளையும், அது தின்பது ஜிலேபி என்றால், இருவருக்கும் போட்டியே இல்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த நீர்நாய் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் தின்னும். ஐந்து இருக்கிற கூட்டம் ஐந்து கிலோ. அதுவும் பல கிலோமீட்டர் நீளத்தில் பரவித் தின்பது. ஒரே மடுவின் குறுக்கே கட்டின ஒரு தங்கூஸ் (நைலான் நரம்பு) வலை ஒரு ராத்திரியில் எவ்வளவு எடுக்கிறது என்று வலைக்காரரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. குட்டியோடு ஒரு கூட்டம் உங்கள் பகுதியில் நிலையாகத் தங்கியிருக்கிறதென்றால் அங்கே இன்னும் மீன் இருக்கிறது. மீன் தீர்ந்த ஆற்றில் குட்டி வளர்க்க முடியாது. நீர்நாய் காணாமல் போன பகுதிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

*எப்போது வனத்துறையைக் கூப்பிட வேண்டும்:* வலையில் சிக்கிய நீர்நாய், கண்ணியில் மாட்டியது, காயம்பட்டது, தாயில்லாமல் கத்தும் குட்டி. நீங்களே விடுவிக்கப் போகாதீர்கள், கடி ஆழமாக இறங்கும். பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காவிரிக்கரைக் காடுகள் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பக்கம் தூண்டிலை எடுக்கும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி 2: நீர்க்காகம் கூட்டம் கூட்டமாக இறங்குகிறது

எந்த நீர்க்காகம் என்று பாருங்கள். நம் ஆறுகளில் அதிகம் தெரிவது காக்கை அளவுள்ள சின்னது. அது விழுங்குவது விரல் நீள மீன். பெரிய நீர்க்காகம் வாத்தைவிடப் பெரிது, நாளொன்றுக்கு அரைக் கிலோ வரை தின்னக்கூடியது.

அப்புறம், எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். கதவணைக்குக் கீழே என்றால் பறவை அங்கே வந்ததற்குக் காரணம் கதவணை. மேலே ஏற வந்த மீன் சுவரில் முட்டிக் கூடி நிற்கிறது, பறவை அதை எடுக்கிறது. பறவையை விரட்டினாலும் அந்த மீன் மேலே போகப் போவதில்லை.

மீன்குஞ்சு விட்ட இடத்தில் இறங்குகிறதென்றால் விட்ட முறையை மாற்றலாம். நண்பகலில் ஒரே துறையில் கொட்டாமல், பொழுது சாய்ந்த பிறகு, நாலைந்து இடங்களில், கோரையும் புல்லும் உள்ள ஓரங்களில் விடுங்கள். விரல் நீளத்துக்குக் குறைந்த குஞ்சு வாங்க வேண்டாம். பட்டாசு, கவண், துப்பாக்கி எதுவும் கூடாது. இந்த அறிகுறிக்கு வெளியாள் யாரையும் கூப்பிடத் தேவைப்படாது.

அறிகுறி 3: பொடிமீன் நிறைய, பெரிய மீன் ஒன்றுகூட இல்லை

நீர்நாயும் பறவையும் எடுப்பது பெரும்பாலும் சிறியதும் நடுத்தரமும். குற்றம் அவற்றுடையது என்றால் குறைய வேண்டியது பொடிமீன். பெரியது மட்டும் காணவில்லை என்றால் மனிதக் கையைத் தேடுங்கள்.

*உங்கள் தூண்டில்.* மண்புழுவும் மைதா உருண்டையும் சின்ன முள்ளில் போட்டால் பொடிமீன் முந்திக்கொள்ளும். முள்ளைப் பெரிதாக்குங்கள். கெளுத்திக்கும் வாளைக்கும் கோழிக்குடலோ சின்ன மீனோ போட்டு, இருட்டும் நேரத்தில் மடுவின் ஓரத்தில் இறக்குங்கள். இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்தும் பெரியது வரவில்லை என்றால் அடுத்ததுக்குப் போங்கள்.

*வலை.* விடியற்காலையில் கரையோரம் நடங்கள். ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை கட்டின வலை இருக்கிறதா, புதருக்குள் கட்டுக் கயிறு இருக்கிறதா, கைவிட்ட தங்கூஸ் வலை கல்லில் சிக்கிக் கிடக்கிறதா? கைவிட்ட வலை ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும். உங்களால் இழுக்க முடிந்ததை இழுத்து வெளியே போடுங்கள். இருக்கும் வலைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பரிசல்காரர் மூலமாகவோ ஊர்ப் பெரியவர் மூலமாகவோ பேசினால், ஆடிப்பெருக்கு சமயத்தில் சினை மீன் ஏறும் ஓடை வாய்களை மட்டுமாவது விட்டுக்கொடுப்பார்கள். அந்த ஆறு அவர்களுக்குச் சோறு, நமக்குப் பொழுதுபோக்கு என்பது பேச்சில் நினைவிருக்கட்டும்.

*வெடி, கரண்ட், விஷம்.* மடுவின் அடியில் ஒன்றுகூட உயிரோடு மிஞ்சாத முறைகள் இவை. பெரிய மீன் மடுவில் வாழ்கிறது, வெடியும் மடுவில்தான் விழுகிறது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடியையும் விஷத்தையும் தடை செய்துவிட்டது. தடயம் எப்படிப் பார்ப்பது என்று அறிகுறி 6இல் சொல்கிறேன். நேரில் கண்டால் தனியாகத் தடுக்கப் போக வேண்டாம். இடம், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கும் மீன்வளத்துறைக்கும் சொல்லுங்கள்.

*கையை மீறியது.* காவிரியின் கூன்முதுகு மஹ்சீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையில் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது பதிவில் இருக்கிறது. இன்று அந்த மீன் அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது. 2018இல்தான் அதற்கு உரிய அறிவியல் பெயர் டோர் ரெமாதேவியே என்று உறுதியானது, அதே வருஷம் மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. நீர்நாயும் முதலையும் அந்த மீனோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரே ஆற்றில் வாழ்ந்தவை. அதைக் கவிழ்த்தது அணைகளும் வெடியும், அதோடு நல்லெண்ணத்தில் செய்த ஒரு காரியமும்: பண்ணையில் பொரித்த வேறு இன மஹ்சீர் குஞ்சுகளை, நீலத்துடுப்பு மஹ்சீரை, காவிரியில் விட்டது. வந்த இனம் பெருக, சொந்த இனம் சரிந்தது. ஆகவே "குஞ்சு வாங்கி விட்டுடலாமே" என்று சங்கத்தில் யாராவது சொன்னால், எந்த இனம், எந்த ஆற்றுத் தாய்மீனிலிருந்து வந்தது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். மோயாற்றிலோ காவிரியிலோ அந்தக் கூன்முதுகு மீன் தூண்டிலில் வந்துவிட்டால் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: பெரியது எப்போதாவது கிடைக்கிறது, குஞ்சே கண்ணில் படவில்லை

எல்லா அறிகுறியிலும் மோசமானது இதுதான். இருக்கிற கிழட்டு மீன் போனால் அடுத்தது இல்லை.

வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குப் பிறகு, காலையில், ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் கைவலை போட்டுப் பாருங்கள். ஒரே இடத்தை வைத்து முடிவு கட்டாமல், ஓடை சேரும் இடம், புல்தரை, கூழாங்கல் ஓரம் என்று மூன்று இடங்களிலாவது பாருங்கள். எண்ணிவிட்டு அப்படியே திரும்ப விடுங்கள்.

குஞ்சு இல்லையென்றால் இந்த வரிசையில் தேடுங்கள்:

ஓரத்தில் கொசுவலை இழுக்கிறார்களா? இருந்தால் முதல் காரணம் கையில் கிடைத்துவிட்டது, பேசித் தீர்க்கக்கூடியதும் இது ஒன்றுதான்.

அந்த வருஷம் தண்ணீர் எப்போது வந்தது? மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும், இருப்பு இல்லாத வருஷம் தள்ளிப்போகும். நம் கெண்டை இனங்கள் புதுவெள்ளத்தில்தான் முட்டையிடும். வெள்ளம் தவறினால் அந்த வருஷத்துக் குஞ்சு இல்லை. ஒரு வருஷம் என்றால் அடுத்த வருஷம் ஈடுகட்டிவிடும். தொடர்ந்து மூன்று வருஷம் என்றால் அடுத்த பத்தியைப் பாருங்கள்.

காலால் ஆற்றுப்படுகையை மிதித்துப் பாருங்கள். மணலும் கூழாங்கல்லும் தட்டுப்பட வேண்டிய இடத்தில் களிமண் வழுக்கினால், ஆளுயரக் குழிகள் இருந்தால், மணல் போய்விட்டது. முட்டை ஒட்டுவதற்கு இடம் இல்லை. குழிகளில் இறங்காதீர்கள். ஆடி மாதத்தில் காவிரியில் போகிற உயிர்களில் பல இந்தக் குழிகளால் போனவை.

இந்தக் கடைசி நிலைக்கு வந்துவிட்டால் தனியாளால் ஆகாது. நோட்டுப் புத்தகம், படம், இடக்குறிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு, நாலு பேர் கையெழுத்தோடு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அறிகுறி 5: எது போட்டாலும் ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, டேங்க் கிளீனர்

இங்கேதான் உண்மையான வேட்டைக்காரன் இருக்கிறான். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். மீன், தவளை, முட்டை, கழிவு என்று எதையும் விடாது. காற்றைச் சுவாசிப்பதால் நாட்டு மீன் சாகும் சாக்கடைத் தண்ணீரிலும் அது பிழைக்கும். வளர்க்கத் தடை இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கும் குட்டைகளிலிருந்து மழைவெள்ளத்தில் ஆற்றுக்கு வந்துவிடுகிறது. ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. வாயில் குஞ்சு காப்பதால் வெள்ளம் தவறினாலும் அதன் இனம் தவறாது. டேங்க் கிளீனர் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்து பெருத்து, இரக்கப்பட்டு ஆற்றில் விடப்பட்டது. கரையைக் குடைந்து முட்டையிடும், வலையைக் கிழிக்கும்.

சோதனை எளிது. ஒரு மாதம் பிடித்த எல்லா மீனையும் இனம் பிரித்து எழுதுங்கள். பாதிக்கு மேல் இந்த மூன்றும் என்றால் நீர்நாயைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிடுங்கள். ஜிலேபியைக் குறைக்கும் கூட்டாளி அது.

செய்ய வேண்டியது: பிடிபட்டதைத் திரும்ப விடாதீர்கள். நாட்டு மீனை விடுவது நல்ல பழக்கம், இவற்றை விடுவது கெடுதல். மீசையுள்ள தட்டைத்தலைக் கெளிறு ஒரு கிலோவைத் தாண்டினால் அது பெரும்பாலும் நாட்டுக் கெளிறாக இருக்காது, ஆப்பிரிக்கக் கெளுத்தியாகத்தான் இருக்கும். உயிர் மீனை இரையாக வேறு ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஊரில் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குட்டை இருப்பது தெரிந்தால், மழைக்கு முன்பே மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வெள்ளம் வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

அறிகுறி 6: மீன் செத்து மிதக்கிறது, அல்லது மேலே வந்து வாய் பிளக்கிறது

முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். மிதக்கிற மீனைத் தொட்டு வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள், மற்றவரையும் தடுத்து நிறுத்துங்கள். பிறகு இந்த நான்கையும் பாருங்கள்.

*விடியற்காலையில் வாய் பிளக்கிறது, வெயில் ஏற ஏறச் சரியாகிறது, பெரிய மீன் முதலில் சாகிறது:* ஆக்சிஜன் குறைவு. கோடையில் தேங்கிய தண்ணீரிலும், ஆகாயத்தாமரை மூடிய இடத்திலும், முதல் மழைச் சாக்கடை ஆற்றில் கலந்த மறுநாளும் வரும். இறால், மீன் பண்ணைக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டால் சூரியன் உதிக்கும் முன் சோதியுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது, 3க்குக் கீழே ஆபத்து.

*பெரியது சிறியது எல்லாம் ஒரே நேரத்தில், வெயிலிலும், துள்ளித் துடித்துச் சாகிறது:* விஷம் அல்லது ஆலைக்கழிவு. இறாலையும் நண்டையும் தேடிப் பாருங்கள். அவையும் செத்திருந்தால், அதுவும் முதலிலேயே செத்திருந்தால், பூச்சிமருந்தைச் சந்தேகப்படுங்கள். கரையோரம் மேலே நடந்துபோய், சாவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு மேலே நல்ல மீன் நீந்தினால், கழிவு கலக்கும் வாய் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நொய்யல் சேரும் இடத்தில் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போன ஆறு அது.

*வெளியே காயமில்லை, ஆனால் மடுவின் அடியில் நிறையக் கிடக்கிறது:* ஒன்றை அறுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றுப்பை கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் வெடி. வெடித்துச் செத்ததில் பெரும்பகுதி மூழ்கிவிடும், மேலே தெரிவது கொஞ்சம்தான்.

*ஒரே இனம் மட்டும், சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக:* நோய். அறிகுறி 7க்குப் போங்கள்.

கூப்பிட வேண்டியது: கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், வெடி என்றால் காவல்துறை, எதுவானாலும் கூடவே மீன்வளத்துறை. அவர்கள் வருவதற்குள் ஆதாரம் ஓடிப்போய்விடும் என்பதால் நீங்களே எடுத்துவையுங்கள். கழிவு வாய்க்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, மேலே நேரத்தை எழுதுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சாகும் நிலையில் உள்ள மீன் இரண்டை எடுத்து ஐஸில் வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். அழுகின மீனால் எந்த ஆய்வகத்துக்கும் உபயோகமில்லை.

அறிகுறி 7: பிடித்த மீனில் காயம்

காயத்தைக் கண்டதும் "நீர்நாய் கடி" என்பார்கள். நீர்நாய் கடித்த மீன் தப்பி வருவது அபூர்வம். தின்ற மிச்சமாகப் பாறையில் தலையோ வாலோ கிடக்கும்.

முதுகிலும் விலாவிலும் ஒரு பக்கம் கொக்கிக் கீறல், மறுபக்கம் அழுத்திய தடம் என்றால் நீர்க்காகத்தின் பிடியிலிருந்து நழுவியது. செவுளுக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி வளையமாகச் செதில் போயிருந்தால் வலைக்கண்ணி. நூல் மாதிரி ஒன்று தோலிலிருந்து தொங்கினால் நங்கூரப் புழு.

சிவப்புப் புள்ளியாகத் தொடங்கிக் குழிப்புண்ணாக ஆழமாகப் போனால், அதுவும் மழைக்காலம் முடிந்து குளிரும் மாதங்களில் விராலிலும் கெண்டையிலும் கண்டால், அது தொற்றுப்புண் நோய். ஓடும் ஆற்றில் இதற்கு மருந்து போட முடியாது, வெயில் ஏறினால் குறையும். நீங்கள் செய்யக்கூடியது, அந்த மீனையும் அந்தத் தண்ணீரையும் வேறு குளத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும், வலையையும் வாளியையும் வெயிலில் நன்றாகக் காயவைப்பதும்தான். பத்தில் இரண்டு மூன்று மீனில் புண் தெரிந்தால் மீன்வளத்துறைக்குச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களில் நோய் பார்க்கிறார்கள்.

அறிகுறி 8: வலை கிழிகிறது, மாட்டிய மீன் பாதிதான் வருகிறது

சின்னச் சின்ன ஓட்டை, முள் சிக்கிய நூல்: டேங்க் கிளீனர். மீனின் வயிறு மட்டும் பிய்ந்திருந்தால் ஆமை அல்லது நண்டு. தலையோ வாலோ மட்டும் மிச்சம், வலையில் கையளவு ஓட்டை என்றால் நீர்நாய். ராத்திரி முழுக்க வலையை விட்டுவைக்காமல், இருட்டின பிறகு போட்டு நடுநிசிக்குள் எடுத்துவிட்டால் இந்தச் சேதம் பெரிய அளவில் குறையும். நீர்நாய் அதிகம் இறங்குவது அந்தியிலும் விடியலிலும்தான்.

வலையே முறுக்கி, ஆளுயரத்துக்குக் கிழிந்து, ஓரத்துச் சேற்றில் வயிறு இழுத்த அகலத் தடமும் நடுவே வால் கோடும் இருந்தால் முதலை. ஒகேனக்கலிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் உண்டு. அன்றோடு அந்தத் துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடுவதை நிறுத்துங்கள், துணி துவைக்கிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள், வனத்துறைக்குத் தடத்தின் படத்தை அனுப்புங்கள். மீனைக் கரையில் வைத்துக் கழுவிக் குடலைத் தண்ணீரில் வீசும் பழக்கம் இருந்தால், அதைத் துறைக்கு அப்பால் குழி தோண்டிப் புதையுங்கள்.